இடது பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம்

இதுவரை நான் அடித்த ஜோக்குகளில் ஏதாவது ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால், அது பீட்ரூட் ஜோக்.

நாலு வருஷத்துக்கு முந்தைய பொங்கல். பாளையங்கோட்டையில் அக்கா வீடு. காலையில் அத்தான் பாத்ரூமிலிருந்து வந்தவர், என்னை மட்டும் கையைப் பிடித்துத் திண்ணைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளே, யூரின் கொஞ்சம் சிவப்பா போச்சு. வலி கிலி ஒண்ணும் கிடையாது."

"நேத்து ராத்திரி அக்கா என்ன பொரியல் வச்சா?"

"பீட்ரூட்."

"அப்ப அது அக்காவோட கைவண்ணம், அத்தான்! உள்ளே போன கலர் வெளியே வருது. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு..."

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். ரெண்டு நாளில் கலர் சரியாகிவிட்டது. கேஸ் குளோஸ்.

இங்கே ஒரு விஷயம். நான் டாக்டர் இல்லை. ஆபீஸில் பில் பாஸ் பண்ணுகிற ஆசாமி. ஆனால் நம் ஊரில் மாப்பிள்ளை, மச்சினன், பக்கத்து சீட் குமாஸ்தா, ஆட்டோ டிரைவர் இத்தனை பேரும் டாக்டர்கள்தானே? ஃபீஸ் வாங்காததால் யாரும் எங்கள் மேல் கேஸ் போடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் அக்கா போன் பண்ணினாள். அத்தானுக்கு கேஸ் டிரபிள், வயிறு உப்புசம், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்களாம். பித்தப்பையில் கல் இல்லை. இடது கிட்னியில் 3.8 சென்டிமீட்டருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

"ஏதோன்னா?"

"கட்டின்னு எழுதியிருக்கு தம்பி. அவருக்கு இன்னும் சொல்லல. நீ வாயேன்."

அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டி.வி. சீரியலுக்கு அழுகிறவள் அவள்.

3.8 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஆபீஸ் ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். கல்யாண வீட்டு வாசலில் வருகிறவர் கையில் கொடுப்பார்களே எலுமிச்சம்பழம், அதில் சின்ன சைஸ். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'எலுமிச்சை' என்றே பெயர். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லாமல் ரெண்டு மாசம் குடும்பம் நடத்த அது ரொம்ப உதவியாக இருந்தது.

அத்தானுக்கு வயசு 54. முப்பது வருஷ சிகரெட். பி.பி. உண்டு, சர்க்கரை உண்டு, தொப்பையும் உண்டு. கிட்னியில் புற்று வருவதற்கு எதெதெல்லாம் காரணம் என்று டாக்டர்கள் ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறார்கள். புகை, ஊளைச்சதை, ரத்தக்கொதிப்பு. ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் வருகிறது. அத்தான் அந்த லிஸ்டில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட அவர் இப்படி வாங்கியதில்லை.

இதற்கு நடுவே இன்னொன்று. தை மாசம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

அத்தானையும் ரிப்போர்ட்டையும் சென்னைக்குக் கொண்டு வந்தேன். முதலில் பார்த்த டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி எடுப்பது. அந்த மருந்து போனதும் கட்டி பளிச்சென்று தெரிந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறது, விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் நீர்க்கட்டி என்றால் வெளிச்சம் வராது. வயசானால் கிட்னியில் சாதா நீர்க்கட்டி வருவது சகஜம், அதற்கெல்லாம் யாரும் பயப்பட வேண்டாம். நமது எலுமிச்சை, தீபாவளி மத்தாப்பு மாதிரி பளிச்சென்று இருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரே வரியில் சொன்னார்: "கிட்னியை எடுத்துடலாம். அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க."

"முழுசாவா சார்?"

"இன்னொண்ணு இருக்கே!"

வெளியே வந்ததும் அத்தான் பேசவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து டீ ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மாப்ளே, அன்னிக்குப் பொங்கலுக்கு ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஸ்கேன் செய்தி வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது.

*

விஷயம் சொந்தக்காரர்களுக்குக் கசிந்தது. அதற்கப்புறம் போன் ஓயவில்லை. வாழைத்தண்டு ஜூஸ் தினம் ஒரு டம்ளர். (அது கல்லுக்குச் சொல்கிற வைத்தியம், சித்தப்பா!) முள்ளங்கிச் சாறு. வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு: எலுமிச்சம்பழம் சாப்பிட்டால் புற்று கரையும். எங்கள் நிலைமையில் அதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இதில் சீரியஸாக வந்து மாட்டியது ஒரு லேகியம். அத்தானின் பெரியப்பா மகன் ஒருவரைக் கூட்டி வந்தார். "ஆறு மாசத்துல கரைச்சுக் காட்டுறேன். கத்தி வேண்டாம், காத்திருந்தாப் போதும்." மாசத்துக்கு 18,000 ரூபாய். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. கேட்டால், "குரு ரகசியம்."

அத்தானுக்கு அதில் ஆசை வந்துவிட்டது. அவரைத் தப்பு சொல்ல முடியாது. கத்தி ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம். லேகியம் இரண்டையும் தள்ளிப்போடுகிறது. பயந்த மனுஷனுக்குத் 'தள்ளிப்போடலாம்' என்பதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. ஆனால் என்னவென்றே தெரியாத பஸ்பங்களில் ஈயம், பாதரசம் இருந்து, நன்றாக இருந்த கிட்னியே கெட்டுப்போன கேஸ்கள் உண்டு. ஒரு கிட்னியில் கட்டி இருக்கிறவர் எதை வேண்டுமானாலும் பரீட்சை பண்ணிப் பார்க்கலாம். மிச்சமிருக்கிற கிட்னியில் பரீட்சை வைக்கக் கூடாது.

"அத்தான், இன்னொரு டாக்டரைப் பார்ப்போம். அவரும் அதையே சொன்னா அப்புறம் நீங்க சொல்றபடி."

"முதல் டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?"

அம்பதாயிரத்துக்கு பைக் வாங்க நாலு ஷோரூம் ஏறி இறங்குவோம். புடவைக்கு ஆறு கடை. கிட்னியை மட்டும் முதல் கடையிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று என்ன சட்டம்?

*

இரண்டாவது டாக்டருக்கு ஐம்பது வயசிருக்கும். சட்டைப்பையில் மூன்று பேனா. அதில் ஒன்றுதான் எழுதும் போலிருக்கிறது, மற்ற இரண்டையும் உதறிப் பார்த்துவிட்டு அதை எடுத்தார். ஒரு பேப்பரைத் திருப்பிப் போட்டு அவரைக்காய் மாதிரி ஒன்று வரைந்தார். "இது உங்க கிட்னி." மேலே ஒரு வட்டம். "இது உங்க பிரச்னை."

அன்றைக்கு நாற்பது நிமிஷம் அவர் சொன்னதை நான் ஆபீஸ் டைரியில் குறித்துக்கொண்டேன்.

கிட்னி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரைத்தான் வெளியே அனுப்புகிறது. மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகிறது. (இப்படி ஒரு அக்கவுன்டன்ட் எங்கள் ஆபீஸில் இல்லை.) ஒன்றில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். போனால் திரும்ப முளைக்காது. நல்ல உடம்புக்காரருக்கு ஒரு கிட்னி போதும், தாராளமாக ஓட்டலாம். ஆனால் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறவருக்கு, மிச்சமிருக்கும் கிட்னியையும் அவை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும். "அதனால உங்க கேஸ்ல ஒவ்வொரு கிராமும் முக்கியம். புற்றையும் எடுக்கணும், பத்து வருஷம் கழிச்சு டயாலிசிஸுக்கும் அனுப்பக் கூடாது."

"வழி இருக்கா சார்?"

"நாலு வழி இருக்கு."

ஒன்று, சும்மா இருப்பது. நிஜமாகத்தான்! ரொம்ப வயசானவர், இதயம் பலவீனமானவர், கட்டி ரொம்பச் சின்னது என்றால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே வருவார்கள். சின்னக் கட்டிகள் பெரும்பாலும் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. 4 சென்டிமீட்டருக்குள் இருக்கிற கட்டிகளில் ஐந்தில் ஒன்று, எடுத்துப் பார்த்தால் சாது. புற்றே இல்லை.

இரண்டு, பொசுக்குவது அல்லது உறைய வைப்பது. தோல் வழியாக ஊசியை விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டியைச் சூட்டாலோ குளிராலோ சாகடிப்பது. 3 சென்டிமீட்டர் வரைக்கும் நல்ல பலன். ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு வசதி. திரும்ப முளைக்கிற வாய்ப்பு ஆபரேஷனைவிடக் கொஞ்சம் அதிகம். முளைத்தால் மறுபடி பொசுக்கலாம்.

மூன்று, கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு, கிட்னியைத் தைத்துவிடுவது. மாம்பழத்தில் அழுகின இடத்தை மட்டும் நறுக்குகிற மாதிரி.

நான்கு, முழுக் கிட்னியையும் எடுப்பது. கட்டி பெரிதாக இருந்தாலோ, நட்ட நடுவில் ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தாலோ, கிட்னியின் நரம்புக்குள் புகுந்திருந்தாலோ இதுதான் வழி.

"உங்களுது 3.8. ஓரமா உக்காந்திருக்கு. நெஞ்சு ஸ்கேன் சுத்தமா இருக்கு. மூணாவது வழி போதும். புற்றை ஒழிக்கிற விஷயத்துல இந்த சைஸுக்கு மூணும் நாலும் ஒண்ணுதான். ஆனா மூணாவது கஷ்டமான ஆபரேஷன். ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைச்சுட்டு, அரை மணிக்குள்ள வெட்டி, தைச்சு, கிளிப்பை எடுத்துடணும். ரத்தம் கசியலாம். யூரின் கசியலாம். அதையும் சொல்லிடறேன்."

நான் டைரியைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்டேன். "சார், ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணா புற்று பரவிடும்னு சொல்றாங்களே?"

"அது ரொம்ப ரொம்ப அபூர்வம். சந்தேகம் இருந்தா எடுப்போம். பொசுக்கறதுக்கு முன்னாடியும் எடுப்போம். இவருக்கு ரிசல்ட் எதுவா இருந்தாலும் இதை எடுக்கத்தான் போறோம். அப்புறம் எதுக்கு ஒரு குத்து?"

"கீமோ? முடி கொட்டுமா?" இது அத்தான். அவருக்கு இருக்கிற முடிக்கு அந்தக் கவலை அதிகப்படி.

"கிட்னியில சாதாரணமா வர்ற புற்றுக்கு வழக்கமான கீமோ வேலையே செய்யறதில்லை. அதனால கொடுக்கறதும் இல்லை."

கடைசியில் அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொண்ணு கல்யாணம் தை பன்னெண்டு..."

டாக்டர் காலண்டரைப் பார்த்தார். "கல்யாணத்தை நடத்திட்டு வாங்க. இந்த சைஸ்ல ஒண்ணரை மாசம் தள்ளினா ஒண்ணும் குடி முழுகாது. ஒண்ணரை மாசம்தான். ஒண்ணரை வருஷம் இல்லை. சிகரெட்டை இன்னிக்கே நிறுத்திடுங்க. மாலையும் கழுத்துமா ஐ.சி.யூ.வுல இருமக் கூடாது பாருங்க."

அத்தான் அங்கேயே சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டர் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அந்த லேகியத்தையும்" என்றார். நான் முன்னமே நர்ஸ் மூலம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

எழுந்திருக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. பொங்கல் கதையைச் சொன்னேன், பீட்ரூட் உட்பட.

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது இதனாலதான்னு இப்ப சொல்ல முடியாது. பீட்ரூட்டாகவும் இருந்திருக்கலாம். ஆனா வலி இல்லாம சிவப்பா போனா, ஒரு தடவை போனாலும், டெஸ்ட் பண்ணணும். வலி இருந்தா பேஷண்ட் அன்னிக்கே ஓடி வந்துடறான். வலி இல்லாததுதான் என்னை பயமுறுத்தும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

வெளியே பெஞ்சில் ஒருத்தர். திருவண்ணாமலைப் பக்கம், ரிடையர்டு பஸ் கண்டக்டர். அவருக்கும் கிட்னிதான். ஆனால் கண்டுபிடித்தபோதே நுரையீரலுக்குப் போய்விட்டது. இரண்டு வருஷமாக மாத்திரையில் ஓடுகிறது.

அவர் மீசையைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று அணில் முதுகு மாதிரி கோடு.

"மாத்திரை வேலை சார்! நாலு வாரம் சாப்பிடணும், ரெண்டு வாரம் லீவு. சாப்பிடறப்ப முடி வெள்ளையா முளைக்குது, லீவுல கறுப்பா முளைக்குது. பேரன் எண்ணிப் பாத்து எத்தனை டோஸ்னு சொல்லிடறான்." உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்து சிவந்திருந்தது. "டிக்கெட் கிழிச்ச கை. இப்ப சோறு பிசையவே எரியுது. அதனாலென்ன, சாப்பிடறேன்ல?"

அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பிற்பாடு படித்தேன். கிட்னிப் புற்றில் பெரும்பாலானவற்றில் வி.ஹெச்.எல். என்ற ஜீன் கெட்டுப்போயிருக்கிறது. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஸ்டோர்ஸில் ஸ்டாக் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஆள் அது. அந்த ஆள் இல்லாவிட்டால்? ஸ்டாக் நிறைய இருந்தாலும் 'ஆக்சிஜன் இல்லை, உடனே அனுப்பு' என்று செல் ஓயாமல் இன்டென்ட் போடும். அதை நம்பி உடம்பு புதுப்புது ரத்தக்குழாய்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டி அதைத் தின்று கொழுக்கும். அதனால்தான் ஸ்கேனில் மத்தாப்பு. மாத்திரை செய்வது, அந்த இன்டென்ட்டைக் கிழித்துப் போடுவது. செல் எப்படி ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு. அந்த அறிவிலிருந்து பிறந்த ஒரு மாத்திரையும் இப்போது வந்துவிட்டது.

இந்த வகையில் முதலில் வந்தது சொராஃபெனிப், 2005-ல், அமெரிக்காவில். இங்கே ஒரு மாசத்துக்கான 120 மாத்திரை 2,80,000 ரூபாய்க்கு மேல். எந்த கண்டக்டர் வாங்குவார்? 2012 மார்ச்சில் இந்தியப் பேட்டன்ட் அலுவலகம் ஒரு காரியம் செய்தது. இந்த விலை ஜனங்களுக்கு எட்டாது என்று சொல்லி, ஹைதராபாத் கம்பெனியான நாட்கோவுக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுத்தது. புது விலை மாசத்துக்கு 8,880 ரூபாய். இந்தியாவில் அப்படி ஒரு லைசென்ஸ் கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பேயர் கம்பெனி அப்பீல் போனது. அப்பீல் வாரியம் அப்போது சென்னையில் இருந்தது, தலைவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச்சில் லைசென்ஸ் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்து பம்பாய் ஹைகோர்ட், அப்புறம் சுப்ரீம் கோர்ட். 2014 டிசம்பரில் அங்கேயும் பேயருக்குக் கதவு திறக்கவில்லை. சர்க்கார் ஃபைல்கள் நகர்வதில்லை என்று நாம் கிண்டல் அடிக்கிறோம். இந்த ஒரு ஃபைல் நகர்ந்தது.

இப்போது அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. கூடவே இன்னொரு ஆயுதமும். நம் உடம்பின் போலீஸ்காரர்களான வெள்ளை அணுக்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்று தந்திரமாக அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது. அதன் காலைத் தட்டிவிடுவதுதான் இம்யூனோதெரபி. இதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல். கிட்னிப் புற்றுக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. இப்போது பரவிய கேஸ்களுக்கு இந்த ஊசி இரண்டைச் சேர்த்தோ, ஒரு ஊசியும் மாத்திரையுமாகவோதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வருகிற ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் ஒரு வருஷம் இந்த ஊசி உண்டு. பிரேக்கை எடுத்தால் போலீஸ் சில சமயம் சொந்த ஊரையே அடிக்கும். தைராய்டு, குடல், ஈரல், நுரையீரல் எங்கே வேண்டுமானாலும் அழற்சி வரலாம். விலை இன்னும் லட்சத்தில்தான்.

கண்டக்டரிடம் கேட்டேன். "உங்களுக்கு முதல்ல ஏதாவது தெரிஞ்சதா?"

"ரத்தமா போச்சு சார், நாலஞ்சு தடவை. டிரிப்ல தண்ணி குடிக்கறதில்லை, சூடுன்னு நினைச்சுக்கிட்டு இளநீர் குடிச்சேன். வருஷம் ஓடிடுச்சு."

அவர் இளநீர் குடித்தார். நாங்கள் பீட்ரூட் சாப்பிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான். அத்தானுக்கு கேஸ் டிரபிள் வந்ததும், ஒரு ஸ்கேன் டெக்னீஷியன் பித்தப்பையோடு நிறுத்தாமல் கையை இன்னும் நாலு அங்குலம் நகர்த்தியதும் எங்கள் அதிர்ஷ்டம். இந்த நாலு அங்குலத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கிட்னிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். தூரத்து உறுப்புக்குப் போனபின் என்றால் இருபதுக்கும் கீழே. புது மருந்துகள் அந்த இருபதை ஏற்றப் பார்க்கின்றன.

*

கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கும்போது அத்தான் கை நடுங்கியது. பெண்ணைப் பிரிகிற சோகம் என்று சம்பந்தி வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், நான் மண்டபத்து ஃபேனைப் பார்த்தேன்.

தை முடியுமுன் ஆபரேஷன். அத்தானுக்கு ரோபோ மேல் ஆசை. 'எந்திரன்' பார்த்ததிலிருந்து அவருக்கு அப்படி ஒரு மரியாதை. டாக்டர் சிரித்துவிட்டார். ரோபோ தானாக ஒன்றும் வெட்டாது, டாக்டர் கையை அசைத்தால் அது அசையும், தையல் போட வசதி, பில்லும் வசதியாக வரும் என்றார். கடைசியில் சாதா லேப்ராஸ்கோப்பியிலேயே முடித்தார்கள். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை.

மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். 1869-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் ஊரில் குஸ்டாவ் சைமன் என்ற டாக்டர், திட்டம் போட்டு முதல் தடவையாக ஒரு கிட்னியை எடுத்தார். ஒரு கிட்னியோடு உயிர் இருக்குமா என்று அதற்கு முன்னால் நாய்களிடம் பரிசோதித்துப் பார்த்துக்கொண்டாராம். அந்தப் பெண் பிழைத்தாள். 1990-ல் அமெரிக்காவில் கிளேமன் என்பவர் சின்ன ஓட்டை வழியாகவே கிட்னியை எடுத்துக் காட்டினார். வயிற்றுக்குள்ளேயே பையில் போட்டு அரைத்து, உறிஞ்சி! அத்தனை நாய்களும் அத்தனை டாக்டர்களும் சேர்ந்து போட்ட ரோட்டில்தான் இப்போது அத்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் அக்கா, விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "கிளிப் போட்டது இருபத்திரண்டு நிமிஷம். கிட்னி முக்கால்வாசி பத்திரமா இருக்கு."

அக்கா அப்போதுதான் அழுதாள். இரண்டு மாசத்துப் பாக்கி.

ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது. புற்றுதான். முதல் ஸ்டேஜ். வெட்டின விளிம்பு சுத்தம். மருந்து, மாத்திரை எதுவும் வேண்டாம், ஸ்கேன் மட்டும் ஒழுங்காக எடுக்க வேண்டும். போன மாசம் இரண்டாவது வருஷ ஸ்கேன் எடுத்தோம். சுத்தம். நடுவில் ஒரு தடவை திருவண்ணாமலைக்கு போன் பண்ணினேன். பேரன் எடுத்தான். "தாத்தாவுக்கு வேற ஊசி மாத்திட்டாங்க அங்கிள். மீசை இப்ப ஒரே கலர்" என்றான்.

ஆபீஸ் நண்பர்களே, ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். மாஸ்டர் செக்கப்புக்கு ஓடுங்கள் என்று சொல்லவில்லை. சிவப்பாகப் போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தடவையே ஆனாலும், ஒரு யூரின் டெஸ்ட், ஒரு ஸ்கேன். பெரும்பாலும் கல்லோ இன்ஃபெக்ஷனோதான் இருக்கும், சந்தோஷமாகத் திரும்பி வரலாம். கட்டி என்று வந்தால் 'எடுத்துடலாம்' என்றதும் தலையாட்டாமல், 'எந்த அளவுக்கு எடுக்கணும், வேற வழி இருக்கா, மிச்ச கிட்னி எப்படி இருக்கு' என்று மூன்று கேள்வி கேளுங்கள். மச்சினன் ஜோக் அடித்தால் சிரித்துவிட்டு லேபுக்குப் போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு போன். அத்தான்.

"மாப்ளே, சிவப்பா போச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பீட்ரூட். உங்க அக்கா ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துதான் வச்சா. அதுவாத்தான் இருக்கும், என்ன சொல்லுத?"

"லேபுக்குப் போங்க."

"ஞாயித்துக்கிழமை..."

"திறந்திருக்கிற லேபாப் பாத்துப் போங்க அத்தான்."

மத்தியானம் ரிசல்ட் வந்தது. 150 ரூபாய் செலவு. பீட்ரூட்தான்.

இந்தத் தடவை நாங்கள் இருவரும் சிரிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் நன்றாகவே சிரித்தோம்.